கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர்: படம் வரைந்தது போதும், அளந்து பாருங்கள்!

சில மாதங்களுக்கு முன் ஓர் இன்டர்வியூ பேனலில் உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருட மாணவர் ஒருவர் வந்தார். நல்ல மார்க். ‘கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன்ல மெமரி ஹைரார்க்கி படிச்சிருப்பீங்களே, வரைஞ்சு காட்டுங்க’ என்றேன். பளிச்சென்று ஒரு முக்கோணம் போட்டார். உச்சியில் ரெஜிஸ்டர், அதற்குக் கீழே கேஷ், பிறகு ரேம், அடியில் ஹார்ட் டிஸ்க். அம்புக்குறியெல்லாம் கச்சிதம்.

‘சூப்பர். ரேமைவிட கேஷ் எவ்வளவு வேகம்?’

‘ரொம்ப ஃபாஸ்ட் சார்.’

‘ரொம்பன்னா? ரெண்டு மடங்கா, பத்து மடங்கா, நூறு மடங்கா?’

அமைதி. பிறகு அவர் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. ‘அதெல்லாம் யாரும் கேட்டதில்ல சார்.’

அவர் மேல் தப்பு இல்லை. முக்கோணம் வரைந்தால் மார்க். அதற்குள் இருக்கும் எண்களுக்கு மார்க் இல்லை. ஆனால், இந்தப் பாடத்தின் உயிரே அந்த எண்களில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் என்பது படம் வரையும் பாடம் அல்ல, அளந்து பார்க்கும் பாடம் என்பதுதான் என் வாதம். ஏன் என்று பார்ப்போம்.

அஞ்சறைப்பெட்டியும் மளிகைக் கடையும்

இன்றைய சாதாரண லேப்டாப் பிராசஸர் விநாடிக்குச் சுமார் 300 கோடி முறை துடிக்கிறது. 3 கிகாஹெர்ட்ஸ் என்பதன் பொருள் இதுதான். ஒரு துடிப்புக்கு ஒரு நானோ விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம். அந்த நேரத்தில் ஒளியே 10 சென்டிமீட்டர்தான் நகர முடியும். இவ்வளவு சின்ன எண் மனதில் நிற்காது. அதனால் ஒரு துடிப்பை ஒரு விநாடி என்று நீட்டிக்கொள்வோம்.

பிராசஸர் சமையல் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்-1 கேஷ்தான் அஞ்சறைப்பெட்டி. கை நீட்டினால் கடுகு, சீரகம். நம் நீட்டிய கணக்கில் 4 விநாடி. (உச்சரிப்பு ஒன்றுதான் என்றாலும் கல்லாவில் இருக்கும் கேஷ் வேறு, இது வேறு!) எல்-2 கேஷ் சமையலறை அலமாரி, சுமார் 14 விநாடி. எல்-3 கேஷ் ஸ்டோர் ரூம், ஏறத்தாழ ஒரு நிமிடம்.

அங்கேயும் இல்லையென்றால்? ரேமுக்குப் போக வேண்டும். அது தெருமுனை மளிகைக் கடை. போய் வர 5 நிமிடம். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது கடுகு வாங்க 5 நிமிடம் கடைக்குப் போனால் என்ன ஆகும்? பிராசஸருக்கும் அதேதான். அடுத்து செய்வதற்கு வேறு வேலை கிடைத்தால் செய்யும், கிடைக்காவிட்டால் சும்மா நிற்கும்.

ரேமிலும் இல்லை, எஸ்எஸ்டியில் இருக்கிறது என்றால் மூன்றரை நாள். வெளியூரில் ஆர்டர் போட்டு பார்சல் வருவதற்குக் காத்திருப்பது மாதிரி. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் ஏறத்தாழ ஒரு வருடம்! மாதிரிக்கு மாதிரி இந்த எண்கள் கொஞ்சம் மாறும். ஆனால் அளவு இதுதான்.

இப்போது அந்த முக்கோணத்தைத் திரும்பப் பாருங்கள். ‘மேலே வேகம், கீழே மெதுவு’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிற விஷயமா இது? உச்சியில் 4 விநாடி, அடியில் ஒரு வருடம். கணக்கு போடுவது மலிவு, பொருளைக் கொண்டு வருவதுதான் செலவு. இந்த ஒரு வாக்கியம் புரிந்துவிட்டால் பாடத்தில் பாதி புரிந்த மாதிரி.

நேரம் மட்டுமல்ல, பேட்டரியும் இப்படித்தான் செலவாகிறது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹொரோவிட்ஸ் 2014-இல் முன்வைத்த ஒரு கணக்கு பிரபலமானது. 45 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் இரண்டு 32 பிட் முழு எண்களைக் கூட்ட சுமார் 0.1 பிகோஜூல் ஆற்றல் போதும். ஆனால் ரேமிலிருந்து 64 பிட் எடுத்து வர 1,300 முதல் 2,600 பிகோஜூல் வரை ஆகும். உங்கள் போனில் ஒரு ஆப் பேட்டரியைக் குடிக்கிறது என்றால், அது போடும் கணக்கை மட்டும் சந்தேகப்படாதீர்கள். அது அடிக்கடி கடைக்கு ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

இருபது நிமிடச் சோதனை

சரி, இதுக்கும் நம்ம கோடுக்கும் என்ன சம்பந்தம்? இன்று இரவே உங்கள் லேப்டாப்பில் இதைச் செய்து பாருங்கள்.

சி மொழியில் 10,000 வரிசை, 10,000 நெடுவரிசை கொண்ட ஒரு முழு எண் அட்டவணையை உருவாக்குங்கள். மொத்தம் 10 கோடி எண்கள், சுமார் 400 எம்பி. எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். முதல் முறை, ஒரு வரிசையை முழுதாக முடித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போங்கள். இரண்டாம் முறை, ஒரு நெடுவரிசையை மேலிருந்து கீழே முடித்துவிட்டு அடுத்த நெடுவரிசைக்குப் போங்கள். கோடில் மாறுவது இரண்டு லூப்களின் இடம் மட்டும்தான். கம்பைலர் தானாகவே லூப்பை மாற்றிவிடாதபடி ஆப்டிமைசேஷனைக் குறைவாக வையுங்கள்.

இரண்டிலும் 10 கோடி கூட்டல்கள்தான். அல்காரிதம் வகுப்பில் கேட்டால் ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்பார்கள். ஆனால், ஓட்டிப் பார்த்தால் இரண்டாவது பல மடங்கு மெதுவாக இருக்கும்.

காரணம் என்ன? பிராசஸர் மளிகைக் கடைக்குப் போனால் ஒரே ஒரு எண்ணை வாங்கி வராது. பெரும்பாலான லேப்டாப் பிராசஸர்களில் 64 பைட்டை ஒரே கட்டாகத் தூக்கி வரும். அந்தக் கட்டில் பக்கத்துப் பக்கத்து எண்கள் 16 இருக்கும். வரிசையாகப் போனால் 16-ஐயும் பயன்படுத்துகிறோம். அதோடு, வரிசையாகப் போகிறீர்கள் என்று தெரிந்ததும் அடுத்த கட்டையும் பிராசஸர் முன்கூட்டியே வரவழைத்துவிடுகிறது. நெடுவரிசையாகப் போனால் அடுத்த எண் 40,000 பைட் தள்ளி இருக்கிறது. 16-இல் ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டுக்கு ஓட வேண்டும். முதல் கட்டுக்குத் திரும்பி வருவதற்குள் 10,000 கட்டுகள் வந்து போயிருக்கும். அஞ்சறைப்பெட்டியில் அவ்வளவுக்கு இடம் ஏது?

பரீட்சைக்கு இதற்குப் பெயர் ‘ஸ்பேஷியல் லோகாலிட்டி’. இரண்டு மார்க் கேள்வி. அந்த வரையறையை மனப்பாடம் செய்த மாணவர்கள் ஏராளம். அது தன் லேப்டாப்பில் எத்தனை விநாடி என்று அளந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? லிங்க்டு லிஸ்ட்டைவிட அரே பெரும்பாலும் ஏன் வேகமாக ஓடுகிறது என்ற கேள்விக்கும் விடை இதேதான். லிங்க்டு லிஸ்ட்டில் அடுத்த பொருள் எந்தத் தெருவில் இருக்கிறது என்று இந்தக் கடைக்குப் போன பிறகுதான் தெரியும்.

டீ மாஸ்டரின் கணிப்பு

அடுத்தது, பிராஞ்ச் பிரெடிக்‌ஷன். வழக்கமான கஸ்டமர் தெரு திரும்பும்போதே டீ மாஸ்டர் ‘சர்க்கரை கம்மி’ டீயை ஆற்றத் தொடங்கிவிடுவார். பத்தில் ஒன்பது முறை சரியாக இருக்கும். அவர் வந்து ‘இன்னைக்கு காபி’ என்றால் டீயைக் கொட்ட வேண்டியதுதான்.

பிராசஸரும் இதைத்தான் செய்கிறது. ‘இஃப்’ வந்தால் நிபந்தனை உண்மையா, பொய்யா என்று தெரியும் வரை அது காத்திருப்பதில்லை. முன் அனுபவத்தை வைத்து ஒரு பக்கத்தை ஊகித்து வேலையைத் தொடங்கிவிடும். ஊகம் தப்பினால் செய்ததைக் கொட்டிவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கும். ஒவ்வொரு தப்புக்கும் 15, 20 துடிப்புகள் வரை வீண். இதனால்தான் கலைந்து கிடக்கும் எண்களில் ‘128-ஐவிடப் பெரியதா’ என்று கேட்டுக் கூட்டும் கோட், அதே எண்களை வரிசைப்படுத்திவிட்டு ஓட்டினால் வேகமாக ஓடுவதைப் பார்க்கலாம்.

இது வெறும் வேக விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 2018 ஜனவரியில் ‘மெல்ட்டவுன்’, ‘ஸ்பெக்டர்’ என்ற இரண்டு பாதுகாப்புக் குறைகள் வெளியே வந்தபோது உலகமே திடுக்கிட்டது. பிராசஸர் கொட்டிவிட்ட டீயின் தடம் கிளாஸில் இருந்தது! அதாவது, முன்கூட்டியே செய்து பிறகு ரத்து செய்த வேலை, கேஷில் சில தகவல்களை விட்டுச் சென்றது. எந்தத் தகவல் வேகமாக வருகிறது, எது தாமதமாக வருகிறது என்று நேரத்தை அளந்தே, பார்க்கக் கூடாத ரகசியத்தை ஒரு புரோகிராம் ஊகித்துவிட முடிந்தது. லேப்டாப், போன், கிளவுட் சர்வர் என்று எதுவும் தப்பவில்லை. அதற்குப் போட்ட சில பேட்ச்கள் மெஷின்களின் வேகத்தையும் குறைத்தன.

கவனியுங்கள். பிராசஸர் தரும் விடைகள் எல்லாமே சரி. லாஜிக்கில் பிழையே இல்லை. ஓட்டை இருந்தது நேரத்தில். இதை எந்த பிளாக் டயகிராமிலும் பார்க்க முடியாது.

0.1 என்ற சின்ன எண்

மூன்றாவது விஷயம், எண்களை மெஷின் எப்படி வைத்துக்கொள்கிறது என்பது. பைத்தானைத் திறந்து 0.1, 0.2 இரண்டையும் கூட்டிப் பாருங்கள். விடை 0.3 வராது. 0.30000000000000004 என்று வரும். பழுது அல்ல. நம் தசம முறையில் மூன்றில் ஒன்றை 0.333 என்று முடிவில்லாமல் எழுதுகிறோம் அல்லவா? பைனரியில் பத்தில் ஒன்றும் அப்படித்தான், முடிவில்லாமல் போகும். மெஷின் ஓர் இடத்தில் வெட்டியாக வேண்டும்.

‘இவ்வளவு சின்ன பிழையா, விடுங்க’ என்று தோன்றும். 1991 பிப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரின்போது, சவுதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த அமெரிக்க பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணிக்கொண்டிருந்தது. அந்த 0.1-ஐ 24 பிட்டில் வெட்டி வைத்திருந்தார்கள். ஒரு முறைக்கு ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்கு அளவுக்குப் பிழை. ஆனால், அமைப்பு நிறுத்தாமல் 100 மணி நேரம் ஓடியிருந்தது. பிழை சேர்ந்து சேர்ந்து 0.34 விநாடி ஆகிவிட்டது. அந்த நேரத்தில் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அமைப்பு தவறான இடத்தில் தேடியது. ஸ்கட் ராணுவக் குடியிருப்பில் விழுந்து 28 வீரர்கள் இறந்தார்கள்.

பணம் கையாளும் மென்பொருளில் தொகையைப் புள்ளி எண்ணாக வைக்காமல் பைசாக் கணக்கில் முழு எண்ணாக வைக்கச் சொல்வது இதனால்தான். ‘ஃப்ளோட்டிங் பாயின்ட் ஃபார்மட்டை வரைக’ என்று கேட்பதோடு, ‘இந்தப் பிழை 100 மணி நேரத்தில் எவ்வளவு ஆகும்?’ என்றும் கேட்டால் எந்த மாணவர் மறப்பார்?

‘ஏஐ கோட் எழுதுது, எனக்கு எதுக்கு சார்?’

இன்று அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். என் பதில்: ஏஐ வந்த பிறகுதான் இந்தப் பாடம் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. ஒரு சின்ன கணக்கு போடுவோம்.

700 கோடி பாராமீட்டர் கொண்ட ஒரு மொழி மாடலை உங்கள் லேப்டாப்பில் ஓட்டுகிறீர்கள். ஒரு பாராமீட்டருக்கு 2 பைட் என்றால் மொத்தம் 14 ஜிபி. மாடல் ஒவ்வொரு டோக்கனை, அதாவது ஒவ்வொரு சொல் துண்டை, எழுதவும் அந்த 14 ஜிபி-யையும் மெமரியிலிருந்து ஒரு முறை படிக்க வேண்டும். லேப்டாப் ரேம் விநாடிக்கு 50 ஜிபி கொடுக்கும் என்று வைத்துக்கொண்டால், 50-ஐ 14-ஆல் வகுங்கள். விநாடிக்கு அதிகபட்சம் மூன்றரை டோக்கன். பிராசஸர் எவ்வளவு வேகமாகக் கணக்கு போட்டாலும் இதைத் தாண்ட முடியாது. மறுபடியும் அதே மளிகைக் கடைக் கதை!

பாராமீட்டரை 4 பிட்டாகச் சுருக்கினால் மாடல் 3.5 ஜிபி. இப்போது விநாடிக்கு 14 டோக்கன் வரை போகலாம். என்விடியாவின் எச்100 சிப்பின் ஒரு வகையில் மெமரி விநாடிக்கு 3,350 ஜிபி கொடுக்கிறது. முதல் கணக்கிலேயே 240 டோக்கனை நெருங்கலாம். அந்த சிப்புக்குப் பக்கத்திலேயே மெமரியை அடுக்கடுக்காக வைத்து ஏன் இவ்வளவு செலவு செய்கிறார்கள் என்பது இப்போது புரிகிறதா? ஒரே நேரத்தில் பலருடைய கேள்விகளைச் சேர்த்து ஓட்டினால் ஏன் செலவு குறைகிறது? ஒரு முறை கடைக்குப் போய்விட்டு எல்லோருக்கும் சமைப்பதால்.

இந்தக் கணக்குக்கு ஏஐ டிகிரி தேவையில்லை. மூன்றாவது செமஸ்டர் பாடமும் ஒரு வகுத்தலும் போதும். கோடை ஏஐ எழுதலாம். ஆனால், அது எழுதிக் கொடுத்தது ஏன் மெதுவாக ஓடுகிறது, கிளவுட் பில் ஏன் எகிறுகிறது என்று கண்டுபிடிப்பவருக்குத்தான் இனி மரியாதை.

எல்லோருக்கும் தினமும் இது தேவைப்படும் என்று சொல்ல மாட்டேன். பல வெப் ஆப்கள் மெதுவாக இருப்பதற்குக் காரணம் கேஷ் அல்ல, இண்டெக்ஸ் இல்லாத ஒரு டேட்டாபேஸ் கேள்வியோ, தேவையில்லாத நெட்வொர்க் பயணங்களோதான். ஆனால், அதைக் கண்டுபிடிக்கத் தேவையானதும் இதே பழக்கம்தான். பொருள் எங்கே இருக்கிறது, கொண்டு வர எவ்வளவு ஆகும், எத்தனை முறை போகிறோம் என்று கேட்கும் பழக்கம்.

என்ன மாற வேண்டும்?

ஒரு காலத்தில் இந்த அலட்சியம் செல்லுபடியானது. கோட் மெதுவாக இருந்தால் இரண்டு வருடம் பொறுத்தால் போதும், புதிய சிப் வந்து வேகமாக்கிவிடும். அந்த இலவசச் சாப்பாடு 2000-களின் நடுவில் முடிந்துவிட்டது. சூட்டைத் தாங்க முடியாமல், 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை இன்டெல் 2004-இல் கைவிட்டது. அதற்குப் பிறகு துடிப்பு வேகம் பெரிதாக ஏறவில்லை, கோர்களின் எண்ணிக்கைதான் ஏறியது. அதிலும் ஒரு பிடி உண்டு. வேலையில் 10 சதவீதம் பிரித்துச் செய்ய முடியாதது என்றால், ஆயிரம் கோர் போட்டாலும் 10 மடங்குக்கு மேல் வேகம் வராது. ஜீன் அம்டால் 1967-லேயே சொன்ன விதி இது.

ஆனால், நம் லேப்களைப் பாருங்கள். பல கல்லூரிகளில் இன்னும் 8085, 8086 கிட்கள்தான். முதலாவது 1976-இல் வந்தது, இரண்டாவது 1978-இல். அசெம்பிளி கற்க அவை நல்லவை, எளிமையானவை, அதை மறுக்கவில்லை. ஆனால், அந்தச் சிப்களில் கேஷும் இல்லை, பிராஞ்ச் பிரெடிக்‌ஷனும் இல்லை. இன்றைய கம்ப்யூட்டரில் எது மிகப் பெரிய செலவோ, அதை அந்தக் கிட்டில் அளக்கவே முடியாது. மாணவரின் பையில் இருக்கும் லேப்டாப்பில் எல்லாம் இருக்கிறது. அதை யாரும் அளக்கச் சொல்வதில்லை.

இந்தத் துறையின் முன்னோடிகளான ஜான் ஹென்னஸி, டேவிட் பேட்டர்சன் இருவரும் 1990-இல் எழுதிய பாடநூலின் தலைப்பிலேயே ‘குவான்டிடேட்டிவ் அப்ரோச்’ என்று இருக்கிறது. அளவு சார்ந்த அணுகுமுறை என்று பொருள். இருவருக்கும் 2017-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. அந்தப் புத்தகத்தை மேற்கோள் காட்டும் பாடத்திட்டங்களில், தலைப்பில் உள்ள அந்த ஒரு வார்த்தையைத்தான் வகுப்பறை தொலைத்துவிட்டது.

பெரிய செலவு எதுவும் வேண்டாம். முதலில், ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஓர் அளவீடு. கேஷ் யூனிட்டில் மேலே சொன்ன அட்டவணைச் சோதனை, பைப்லைன் யூனிட்டில் வரிசைப்படுத்திய எண்களின் சோதனை. இரண்டாவது, கேள்வித்தாளில் ‘வரைந்து விளக்குக’ என்பதில் பாதியை ‘கணித்துக் காட்டுக’ என்று மாற்றுவது. மூன்றாவது, ரிஸ்க்-ஃபைவ். 2010-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கிய இந்தக் கட்டளைத் தொகுப்பு யாரும் பயன்படுத்தலாம் என்ற வகையில் திறந்தே கிடக்கிறது. அடிப்படைத் தொகுப்பில் 50-க்கும் குறைவான கட்டளைகள்தான். ஒரு மாணவர் ஒரு செமஸ்டரில் அதற்கு ஒரு சிமுலேட்டரே எழுதிவிடலாம்.

இதெல்லாம் எட்டாத உயரம் என்று நினைக்க வேண்டாம். சென்னை ஐஐடியில் உருவான ‘சக்தி’ பிராசஸர் இதே ரிஸ்க்-ஃபைவ் அடிப்படையில்தான் இயங்குகிறது. 2018-இல் அந்தக் குழுவின் சிப் ஒன்று மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் தயாரானது. அதன் டிசைனும் திறந்த மூலமாகக் கிடைக்கிறது. நாட்டில் சிப் ஆலைகள் பற்றி இவ்வளவு பேசுகிறோம். ஆலையில் அச்சடிக்க டிசைன் வேண்டும், டிசைன் செய்ய இந்தப் பாடம் தெரிந்த ஆட்கள் வேண்டும்.

அந்த இன்டர்வியூ மாணவருக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். கையில் இருந்த லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, ‘ரெண்டு லூப்பையும் மாத்திப் போட்டு ஓட்டிப் பாருங்க’ என்றேன். பத்து நிமிடத்தில் எழுதி ஓட்டினார். இரண்டு விடைகளையும் பார்த்தார். நம்பாமல் இன்னொரு முறை ஓட்டினார். பிறகு, நான் கேட்காமலேயே அட்டவணையின் அளவைக் குறைத்துக் குறைத்து ஓட்ட ஆரம்பித்தார். ஒரு கட்டத்தில் இரண்டு நேரங்களும் நெருங்கி வந்தன. ‘இந்த சைஸ்ல கேஷுக்குள்ள அடங்கிடுது போல சார்’ என்றார்.

மூன்று வருடம் முன்பு முக்கோணமாக வரைந்ததை அன்றுதான் அவர் முதன்முறையாகப் பார்த்தார். அதற்கு ஆனது பத்து நிமிடம். கல்லூரியிலேயே யாராவது அந்தப் பத்து நிமிடத்தை அவருக்குக் கொடுத்திருக்கலாம்.